பிரசவத் துணை

“இன்னும் கீழே” என்கிறாள் கோதை, “அங்க இல்லடி, இன்னும் கொஞ்சம், ஆங், அங்கதான், கையை எடுத்துறாதே.” நான் எடுக்கவில்லை. எடுக்கப்போவதும் இல்லை. அவள் இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கும் இடத்தில் உள்ளங்கையை அழுத்தி வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன், சிஸ்டர் காட்டிக்கொடுத்த மாதிரி, வலி ஏறும்போது அழுத்தி, இறங்கும்போது இலேசாக. ஜன்னலில் பிற்பகல் வெயில், கம்பிகளின் நிழல் அவள் முழங்காலில் விழுந்து அவள் அசையும்போதெல்லாம் வளைகிறது. டெட்டால் வாசனை, யாரோ கொண்டுவந்த ஃபிளாஸ்கில் இருந்து சுக்குக்காப்பி வாசனை, பக்கத்துக் கட்டிலில் வெண்ணிலா என்ற பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள். நான் பிரசவ வார்டுக்குள் இருக்கிறேன். மனசு இந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாளில் வீடு வரும்வரை பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்த மாதிரி. வெளியே பெஞ்சில் இல்லை, படிக்கட்டில் இல்லை, வண்டி நிறுத்துமிடத்தில் இல்லை, உள்ளே இருக்கிறேன், என் கைக்கடியில் அவள் முதுகு சூடாக இருக்கிறது, அவள் வயிற்றில் கட்டியிருக்கும் பட்டையிலிருந்து கம்பி போய் ஒரு சின்னப் பெட்டியில் சேர்கிறது, அந்தப் பெட்டிக்குள் எங்கள் பிள்ளையின் இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது. தடதடதடவென்று. பம்புக் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இத்தனை வருஷம் மோட்டார் சத்தம் கேட்டே பிழைத்தவள் நான், ஓடவிட்டு அரை நிமிஷம் காது கொடுத்தால் பேரிங் சரியில்லையா, காற்று வாங்குகிறதா, சொல்லிவிடுவேன், ஆனால் இப்படி ஒரு ஓட்டத்தை நான் கேட்டதில்லை. எதற்கு இவ்வளவு அவசரம், மெதுவாகத்தான் வாயேன். இல்லை, வேண்டாம், மெதுவாக வேண்டாம், இதே வேகத்தில் வா. காலையில் இட்லி தின்றுகொண்டிருந்தவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று தரையைப் பார்த்தாள், நானும் பார்த்தேன், தண்ணீர். “சுகி, சட்னிக் கிண்ணத்தை மூடி வை, ஈ மொய்க்கும்” என்றாள். அதுதான் முதலில் சொன்னது. நானும் முதலில் போய்க் கிண்ணத்தைத்தான் மூடினேன். பிறகுதான் இரண்டு பேரும் பையைத் தேடி ஓடினோம். ஆட்டோவில் ஏறியபின் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள், அந்த இடம் இப்போதும் சிவந்திருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது, எனக்கும் ஏதோ வலித்திருக்கிறது என்று.

வலி இறங்கிவிட்டது. கண்ணை மூடியிருக்கிறாள். மூக்கு வீங்கியிருக்கிறது, ஒன்பதாம் மாதத்தில் இப்படி ஆகிவிட்டது, கண்ணாடியில் பார்த்து “என் மூக்கை யாருக்கோ குடுத்துட்டேன்டி” என்றாள். அவள் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் முதல்முறை பார்த்தபோது இந்த மூக்கைத்தான் பார்த்தேன், கம்ப்யூட்டர் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். என் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை வீடு கோயமுத்தூர், நானும் இங்கேதான் வேலையில் இருக்கிறேன், எனவே பத்திரிகையை இங்கேயே அடித்துவிடலாம் என்று நாகர்கோவிலில் இருந்து அப்பா போனில் சொன்னார், நான் போனேன். சுகிர்தா என்பதை அவள் ஒரு மாதிரி அடித்திருந்தாள், நான் திருத்தச் சொன்னேன். மறுநாள் போய், இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போடச் சொன்னேன். அதற்கு மறுநாள் சிறிய எழுத்து. பிறகு பைபிள் வசனத்தை மாற்றச் சொன்னேன், பிறகு ஓரத்துப் பூவை. அவள் ஒருநாள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்து, “ஏனுங்க, நெஜமாலுமே உங்களுக்கு இந்தப் பத்திரிகை வேணுங்களா?” என்றாள். நான் அழுதுவிட்டேன், அங்கேயே, பேப்பர் வெட்டும் மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் டீ வாங்கித் தந்தாள். அந்தப் பத்திரிகை அடிக்கவே இல்லை. அப்பா ஒரு வருஷம் பேசவில்லை, பிறகு பேசினார், பேசுகிறார், மழை பெய்ததா, காய்ச்சல் விட்டதா என்று. சொந்த ஊரான கோபியில் கோதையின் அம்மா இன்னும் பேசவில்லை. பேசவில்லை என்று சொல்ல முடியாது, போன மாதம் கூப்பிட்டு, “எந்தத் தேதிக்குச் சொல்லியிருக்காங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். கோதை அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ரெண்டு நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். இதோ, மறுபடி ஏறுகிறது, விரல்கள் என் சட்டையைத் தேடுகின்றன, இங்கே இருக்கிறேன், பிடித்துக்கொள், மூச்சு விடு, ஊது, மெழுகுவத்தி ஊதுகிற மாதிரி. நானும் சேர்ந்து ஊதுகிறேன். இரண்டு பேரும் ஊதுவதைப் பார்த்து வெண்ணிலாவின் மாமியார் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்.

எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். நீங்க இவங்களுக்கு என்ன வேணும்? தமிழில் மட்டும்தான் இப்படிக் கேட்பார்களோ என்னவோ, உறவு என்ன என்பதற்கு என்ன வேணும் என்று. எனக்கு ஒவ்வொரு தடவையும் உள்ளே வேறு பதில்தான் வரும். இவள் தூங்கும்போது பக்கத்தில் இருக்க வேணும், இவளுக்குக் குமட்டும்போது தலையைப் பிடிக்க வேணும், திரையில் அந்தச் சின்னப் புள்ளி துடிப்பதை இவளோடு சேர்ந்து பார்க்க வேணும். வாயில் வருவது, ஃப்ரெண்ட். கருத்தரிப்பு மையத்தில் அந்த டாக்டரம்மா நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. “தனியா இருக்கிற பெண்ணுக்குச் சட்டத்தில் இடம் இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து இன்னும் இல்லை. அதனால பூங்கோதை மட்டும்தான் என் பேஷண்ட். நீங்க கூட வர்றவங்க” என்றார். சரி, கூட வருகிறேன் என்றேன். முதல் தடவை கரு நிற்கவில்லை, இரண்டாம் தடவையும் நிற்கவில்லை, கோதை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், அவளுக்குத் தெரியும் எனக்குக் கேட்கிறது என்று. மூன்றாம் தடவை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, போன் அதிர்ந்தது, அவள் சொன்னது காதில் விழவில்லை, நான் ஓடி வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் நின்று, “என்ன சொன்னே, என்ன சொன்னே?” என்று கத்தினேன், “உனக்குப் பிள்ளை வரப்போகுதுடி” என்றாள். எனக்கு என்றாள். எங்களுக்கு என்றுகூட இல்லை, உனக்கு என்றாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அதன்பிறகு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், கண்ணாடிக் கதவு வைத்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியையும். அங்கே ஸ்கேன் அறை வாசலில் ஒரு பெண் கையை நீட்டி மறித்தாள். “ஹஸ்பெண்ட்னா விடுவோம். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வெளிய.” எனக்கு முன்னால் ஒரு ஆள் போனில் பேசிக்கொண்டே உள்ளே போனான், திரையைப் பார்த்திருப்பானா என்றே தெரியாது. நான் அவள் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே டாக்டர், “வீட்டுக்காரர் ஏன் வர்றதே இல்ல? ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டாராம். இவள், “எனக்குப் பிரச்சினை இல்லைங்க, வெளிய உக்காந்திருக்கறவங்களை உள்ள விட்டாப் போதும்” என்றாளாம். அந்த டாக்டர் அதன்பிறகு இவள் முகத்தையே பார்க்கவில்லை, வயிற்றை மட்டும் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கோதை சொன்னாள், பிள்ளை கையை வாய்கிட்ட வெச்சிருந்துச்சு சுகி, உன்னை மாதிரியே, நீ தூங்கும்போது வெச்சிருப்பியே. நான் பார்க்காததை எனக்கு நடித்துக் காட்டினாள், படுக்கையில் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, விரலை உதட்டில் வைத்து. அன்றுதான் முடிவு செய்தோம், அங்கே பெறுவதில்லை.

பிரஸ்ஸில் கூட வேலை பார்க்கும் மும்தாஜ்தான் சொன்னது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்க ஆம்பளைங்களை உள்ளயே விட மாட்டாங்க, பிரசவத் துணைன்னு ஒரு பொம்பளையைத்தான் விடுவாங்க, என் தங்கச்சிக்கு நான்தான் நின்னேன். கோதை என்னைப் பார்த்தாள், நான் கோதையைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரிக்கத் தொடங்கினோம், மும்தாஜுக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்து அவளும் சிரித்தாள். ஒரு பொம்பளைதான் வேணுமாம். நான் பொம்பளைதானே. ஒரு தடவையாவது அது எனக்கு அனுகூலமாக இருக்கட்டுமே. அந்த மும்தாஜ்தான் வளைகாப்புக்கும் வந்தாள், வந்த ஒரே விருந்தாளி, கண்ணாடி வளையலைக் கோதை கையில் நான் போட்டேன், மும்தாஜ் பார்சல் வாங்கி வந்த புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, மூன்று பேர் தின்று தீரவில்லை. பிள்ளை என்னை என்னவென்று கூப்பிடும் என்று அன்றைக்குத்தான் பேச்சு வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் அம்மாவை அம்மை என்போம். கோதை அம்மா, நான் அம்மை. சொல்லிப் பார்த்தாள், அம்மை, அம்மை, “போட்டுருச்சுன்னு நெனச்சுக்குவாங்கடி, வேப்பிலை கட்டீருவாங்க” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் அக்கா என்று சொல்வதென்று முடிவு. அக்கா. அவளுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான், ஆனால் உள்ளே நிற்க வேண்டுமே. அக்கா என்றே வெண்ணிலாவின் மாமியாரிடம் சொல்லியும் ஆகிவிட்டது, அந்தம்மா, “மொகச்சாடை இல்லையே அம்மிணி” என்றார், “நான் அப்பா மாதிரிங்க” என்றேன், பொய்யில் பாதி உண்மை. அக்கா என்று சொன்னதிலிருந்து கை தேய்க்கும்போதே யாரோ பார்க்கிற மாதிரி இருக்கிறது, ஒரு அக்கா இவ்வளவு நேரம் தேய்ப்பாளா, அக்கா நெற்றியில் முத்தம் கொடுப்பாளா, கொடுக்கலாம், அக்காவும் கொடுக்கலாம், நெற்றியில் கொடுக்கலாம். கொடுத்துவிட்டேன். உப்புக் கரிக்கிறது.

சிஸ்டர் வருகிறார். உயரமான பெண், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார், கையுறை போட்டுப் பார்த்துவிட்டு, “நல்லா வந்திருச்சும்மா, டேபிளுக்குப் போயிரலாம்” என்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி, “துணைக்கு ஒருத்தர்தான் உள்ள. சொந்தக்காரங்களா இருக்கணும். நீங்க என்ன வேணும்?” நான் வாயைத் திறக்கிறேன், அக் என்று தொண்டையில் நிற்கிறது, அதற்குள் கோதை, வலியின் நடுவில், பல்லிடுக்கில், “என் வீட்டுக்காரி” என்கிறாள். “யாரு, ஹவுஸ் ஓனரா?” என்கிறார் சிஸ்டர். வெண்ணிலாவின் மாமியார் தலையை நீட்டுகிறார். “வாடகைக்கு இருக்கற புள்ளைக்கா இப்படி வந்து நிக்கறீங்க? எங்க வீட்டுக்காரன் தண்ணி மோட்டாரே போட மாட்டேங்கறானே. அக்கான்னு வேற சொன்னீங்க.” கடவுளே, அப்படியே இருக்கட்டும், ஹவுஸ் ஓனராகவே இருந்துவிட்டுப் போகிறேன், என்று நான் நினைக்கிறேன், கோதையின் கையை அழுத்துகிறேன், சொல்லாதே, இப்போது வேண்டாம், வெளியே அனுப்பிவிடுவார்கள். அவள் கண்ணைத் திறந்து சிஸ்டரை நேராகப் பார்க்கிறாள். “ஹவுஸ் ஓனர் இல்லைங்க சிஸ்டர். அக்காவும் இல்லை. உங்களுக்கு உங்க வீட்டுக்காரர் எப்படியோ, எனக்கு இவ.” மின்விசிறி சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிடுகிறது, பேரிங், எண்ணெய் விட்டால் சரியாகிவிடும், எண்ணெய் விடலாம், நானே விட்டுத் தருகிறேன், சிஸ்டர், தயவுசெய்து. சிஸ்டர் என் முகத்தைப் பார்க்கிறார், கோதையின் முகத்தைப் பார்க்கிறார், தலையில் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி என்னைப் பார்க்கிறார். “செருப்பைக் கழட்டிருங்க. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. மோதிரத்தையும் கழட்டுங்க. உள்ள வந்து மயக்கம் போட்டு விழக்கூடாது, எனக்குத் தூக்க ஆள் கிடையாது.” அவ்வளவுதான் சொன்னார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார், அந்த உராயும் சத்தம் எனக்கு உறைத்தது. ஆனால் நாங்கள் அவரைக் கடந்து போகும்போது ஃபிளாஸ்கை நீட்டி, தரையைப் பார்த்தபடியே, “ரெண்டு வாய் குடிக்கக் குடு, உதடு காஞ்சு கெடக்குது” என்றார். கொடுத்தேன். குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போடுகிறேன், மோதிரம் வரமாட்டேன் என்கிறது, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாங்கியது, அவளுடையதை விரல் வீங்கியதும் கழற்றிவிட்டாள், வா, வந்துவிடு, நுரையில் வழுக்கி வந்தது. குழாயடியில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாததால் என் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

டேபிள் பக்கத்தில், அவள் தலைமாட்டில் நிற்கிறேன். தடதடதட, பெட்டி இங்கேயும் வந்திருக்கிறது. தடதடதட. தட. தட. ஏன் இப்படி. சுமை ஏறினால் மோட்டார் இப்படித்தான் இழுக்கும், ஆனால் இது மோட்டார் இல்லை. தட. யாரும் ஏன் பேசவில்லை, இளம் டாக்டர் ஒருத்தி வேகமாக வருகிறாள், “இடது பக்கம் திரும்பிப் படுங்கம்மா, நல்லா மூச்சு இழுங்க” என்கிறாள், நான் கோதையைத் திருப்புகிறேன், எவ்வளவு கனம், என் உயிரே, திரும்பு. வரக்கூடாத நினைப்பெல்லாம் இப்போது பார்த்து வருகிறது. இவளுக்கு ஒன்று ஆனால் கோபிக்கு, இவள் அம்மாவுக்குத்தான் போன் போகும். பிள்ளையை யாரிடம் கொடுப்பார்கள்? சட்டத்தில் நான் யாரும் இல்லை, கூட வருகிறவள், எட்டு மாதமாக வாங்கிச் சேர்த்த சின்னச் சட்டைகளோடு வீட்டில் உட்கார்ந்திருப்பேன், தொட்டில் கொக்கியை மேலே பார்த்துக்கொண்டு. இல்லை. இதை நினைக்காதே, நிறுத்து, சத்தத்தை மட்டும் கேள். தட. தட, தட. கோதை என் காதுகிட்ட, “சுகி, சத்தம் சரியா இருக்கா, சொல்லு” என்கிறாள். என்னைத்தான் கேட்கிறாள். டாக்டரை இல்லை. கேட்கிறேன், முழு உடம்பாலும் கேட்கிறேன், தட தட, தடதட, தடதடதடதட. “சரியாயிடுச்சு” என்கிறேன், “ஓடுது கோதை, நல்லா ஓடுது.” டாக்டரும் தலையை ஆட்டுகிறாள். “இனி முக்கலாம்மா. வலி வரும்போது மட்டும்.” பிறகு எனக்கு வரிசை தெரியவில்லை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள், நான் அவளோடு சேர்ந்து முக்கினேன், சிஸ்டர், “நீங்க எதுக்கும்மா முக்கறீங்க?” என்றார், யாரோ சிரித்தார்கள், தலை தெரியுது, முடி நிறைய, இன்னொரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை, கோதை போட்ட சத்தம் அவள் குரலே இல்லை, அடியில் இருந்து வந்தது, அப்புறம் ஈரமாக, வழுக்கி, நீலமாகவும் சிவப்பாகவும் ஒன்று வெளியே வந்து சிஸ்டர் கையில் கிடந்து காலை உதைத்தது. அழவில்லை. சிஸ்டர் முதுகில் தேய்த்தார். அழுதது. எவ்வளவு கோபம். யாரை இப்படித் திட்டுகிறாய், எங்களையா, திட்டு, நன்றாகத் திட்டு. கோதையின் மார்பில் கொண்டுவந்து போட்டார்கள், “பொம்பளைப் பிள்ளை” என்றார் சிஸ்டர். கோதை தன் மூக்கை அதன் தலையில் வைத்து மோந்து பார்த்தாள். நான் ஒரு விரலை நீட்டினேன். என் மனசுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பேச்சு நின்றுபோயிருந்தது, எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு சொல்கூட இல்லை, அதன் காது மட்டும் இருந்தது, மடங்கிய, மெல்லிய, ரோமம் படர்ந்த காது.

“தாய்க்குக் குடிக்கச் சூடா ஏதாவது வாங்கிட்டு வாங்க” என்று சிஸ்டர் தூக்குவாளியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். படி இறங்குகிறேன், கால் தரையில் பாவவில்லை, செருப்பு எங்கே, மறந்துவிட்டேன், போகட்டும். கேட்டுக்கு வெளியே வெயில் கொதிக்கிறது, வேப்பமரத்தடியில் ஆண்கள் கூட்டம், தரையில், ஸ்கூட்டர்களில், சுவரோரம். நான் உள்ளேயிருந்து வருவதைப் பார்த்ததும் எழுந்துவிடுகிறார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒரு பையன், முப்பது இருக்காது, என் முன்னால் வந்து, “ஏனுங்க்கா, உள்ள வெண்ணிலான்னு ஒரு புள்ளை, பச்சை நைட்டி, எப்படி இருக்குதுங்க?” என்கிறான். கண் சிவந்திருக்கிறது, சாப்பிட்டிருக்க மாட்டான். “நல்லா இருக்காங்க தம்பி” என்கிறேன், “பல்லைக் கடிச்சுத் தாங்கிக்கிட்டிருக்காங்க. உங்கம்மா கூடவேதான் இருக்காங்க.” அவன் முகம் இளகியது. பிறகு என் வெறுங்காலையும் தூக்குவாளியையும் பார்த்து, “உங்களுக்கு ஆயிருச்சுங்களா?” “ஆயிருச்சு. பொண்ணு” என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே, “எங்களுக்குப் பொண்ணு பிறந்திருக்கு” என்றேன். எவ்வளவு எளிதாக வந்துவிட்டது, வெயிலில், இத்தனை பேர் நடுவில். “புள்ளையோட அப்பா வந்துட்டிருக்காருங்களா?” என்றான் அவன். “அப்பா இல்லை தம்பி. ரெண்டு அம்மா.” அவன் என்னையே பார்த்தான். புருவம் சுருங்கி, மறுபடி விரிந்தது. புரிந்ததா இல்லையா, அவன் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை, படிக்க அவகாசமும் இல்லை. டீக்கடைப் பக்கம் திரும்பி, “அண்ணா, இந்த அக்காளுக்கு முதல்ல பால் ஊத்துங்க, சீக்கிரம்” என்றான். பிறகு என்னிடம், “நீங்க ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க்கா.” பால் நுரைத்துத் தூக்குவாளியில் இறங்கியது. “இல்லை தம்பி” என்றேன், “உள்ள ரெண்டு பேர் எனக்காகக் காத்திருக்காங்க.” மூடியை அழுத்திப் போட்டுக்கொண்டு படிகளில் ஏறி ஓடினேன்.